விடை எழுதப்படாத கணக்குகள்

கணித பாடநூல்களுக்கு ஒரு வழக்கமுண்டு. பயிற்சிக் கணக்குகள் அத்தியாயத்தின் இறுதியிலே இருக்கும். அவற்றின் விடைகள் நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். மாணவன் ஒருவன் ஓரிரவு முழுவதும் விழித்திருந்து கணக்கொன்றைச் செய்து முடித்தாலும், அவன் கண்டது புதிதன்று. அவனுக்கு முன்னரே வேறொருவர் கண்டு, அச்சிட்டு, நூலின் பின்னே வைத்துவிட்ட ஒன்றையே அவன் மீண்டும் கண்டிருக்கிறான். பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலுமாகப் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்துவிடுகின்றன. ஆகவே, கணிதம் என்பது முன்னோர் கட்டி முடித்துவிட்ட ஒரு கோபுரம், பின்வந்தோர் அதனை அண்ணாந்து பார்த்து வியக்கலாமேயன்றி அதிலே ஒரு கல்லையேனும் தாம் வைக்க இயலாது, என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்திலே வேரூன்றிவிடுகின்றது.

உண்மை அதுவன்று. கணிதத்திலே இன்றும் விடை காணப்படாத வினாக்கள் எண்ணிறந்தன. அவற்றுட் சில, பேரறிஞர்களையும் நூற்றாண்டுக் கணக்காக அலைக்கழித்து வருபவை. வேறு சில, இருபது வயதுள்ள ஒரு மாணவனோ மாணவியோ, தக்க துணையும் பத்து வார ஓய்வும் வாய்த்தால், கிட்ட நெருங்கக்கூடியவை. அத்தகைய வினாக்களைத் தேடியெடுத்து மாணவர் கையிலே கொடுத்து, கோடை விடுமுறை முழுவதும் அவற்றோடு மல்லுக்கு நிற்க விடுகின்ற ஓர் ஏற்பாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. 'பட்டமுன் மாணவருக்கான ஆராய்ச்சி அநுபவம்' என்பது அதன் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'ஆர்.ஈ.யூ.' என்று சுருக்கமாக வழங்குவர். அஃது எவ்வாறு தோன்றியது, அங்கே என்ன நடைபெறுகின்றது, அதிலே இடம்பெற விரும்பும் மாணவர் யாது செய்தல் வேண்டும் என்பனவே இப்பேச்சின் பொருள்.

அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1950 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் நிறுவப்பட்டது. 1957 ஆம் ஆண்டு சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை விண்ணிலே செலுத்தியபோது, அமெரிக்க மக்கள் தங்கள் நாட்டு விஞ்ஞானக் கல்வியைக் குறித்துப் பெரிதும் கவலை கொண்டனர். அக்காலத்திலேதான், பட்டம் பெறுமுன்னரே மாணவரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் முதல் திட்டத்துக்கு அந்நிறுவனம் பணம் ஒதுக்கியது. 1980 களின் தொடக்கத்திலே அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர், 1987 ஆம் ஆண்டில், ஆர்.ஈ.யூ. என்னும் பெயரோடு அது மறுபிறவி எடுத்தது. கணிதம் மாத்திரமன்றிப் பௌதிகம், இரசாயனம், உயிரியல், பொறியியல் ஆகிய துறைகள் பலவற்றுக்கும் இத்திட்டம் உரியது.

ஏனைய துறைகளிலே இதன் பயனைப் பற்றி ஐயுற்றவர் குறைவு. இரசாயன ஆய்வுகூடத்திலே மாணவன் ஒருவன் குடுவைகளைக் கழுவலாம், அளவைகளைக் குறிக்கலாம், பேராசிரியரின் பெரிய ஆய்விலே ஒரு சிறிய பகுதியைச் சுமக்கலாம். கணிதத்திலோ கழுவுவதற்குக் குடுவையில்லை. சிந்தனையைத் தவிர வேறு கருவியுமில்லை. ஆராய்ச்சியின் எல்லைக்குச் செல்வதற்கே பட்டப்பின் படிப்பு ஆண்டுக்கணக்கில் வேண்டியிருக்க, மூன்றாம் ஆண்டு மாணவன் அங்கே என்ன செய்யக்கூடும் என்று கணிதப் பேராசிரியர் பலர் வினவினர். இந்த ஐயத்தை ஆராய்வதற்கென்றே 1961 ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்துக் கார்ல்ற்றன் கல்லூரியிலே மாநாடொன்று கூடியது. ஆயினும், ஐயத்தைத் தீர்த்து வைத்தவை மாநாடுகளல்ல. மாணவர் எழுதிய கட்டுரைகளேயாம்.

அதே மினசோட்டா மாநிலத்தின் வடபால், சுப்பீரியர் என்னும் பெருவாவியின் கரையிலே, டுலூத் என்னும் நகரமிருக்கின்றது. அங்குள்ள பல்கலைக்கழகத்திலே ஜோசப் கலியன் என்னும் பேராசிரியர் 1977 ஆம் ஆண்டிலே கோடைகால ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை நடத்தினார். பாடசாலைப் படிப்பு முடிந்தபின் கண்ணாடித் தொழிற்சாலையிலே வேலை செய்து, அதன் பின்னரே கல்லூரி வாயிலை மிதித்தவர் அவர். அவர் கைக்கொண்ட முறை எளிமையானது. ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே ஒரு வினா. அவ்வினா விளங்கிக்கொள்வதற்கு அதிகப் படிப்பு வேண்டாததாயிருத்தல் வேண்டும். எவரும் தீர்க்காததாயிருத்தல் வேண்டும். தீர்த்தால் ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்று ஏற்று வெளியிடத் தக்கதாயுமிருத்தல் வேண்டும். இம்மூன்று தகைமைகளும் ஒருங்கே அமைந்த வினாக்களைத் தேடுவதே அவருடைய ஆண்டு முழுவதற்குமான உழைப்பாயிற்று. டுலூத்திலே கோடையைக் கழித்த மாணவர் எழுதி, சஞ்சிகைகளில் வெளியான கட்டுரைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை.

அங்கே எழுந்த வினா ஒன்றைச் சொன்னால் அதன் சுவை விளங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் 24 வரும். அடுத்தடுத்து வரும் எந்த நான்கு முழுவெண்களைப் பெருக்கினாலும் அப்பெருக்கம் 24 ஆல் மீதியின்றி வகுபடும். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகியவற்றின் பெருக்கம் 1680. அது 24 இன் எழுபது மடங்கு. இவ்வாறு ஒன்றிலிருந்து தொடங்கித் தொடர்ந்து பெருக்கிவரும் எண்களுக்கு எண்கணிதத்திலே பல சிறப்புக்களுண்டு. முழுவெண்கள் அனைத்தையும் எடுக்காது, முதன்மை எண்களை மாத்திரமோ வர்க்க எண்களை மாத்திரமோ எடுத்துக்கொண்டால், அவற்றுக்கும் இத்தகைய தொடர்பெருக்கம் ஒன்றை வகுக்கமுடியுமா? ஹாவாட் பல்கலைக்கழக மாணவராயிருந்து டுலூத்துக்கு வந்த மஞ்சுள் பார்கவா, எந்த எண்கூட்டத்துக்கும் பொருந்தும் வகையில் இதற்கு ஓர் அழகிய விடை கண்டார். 1996 ஆம் ஆண்டுக்குரிய மோர்கன் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2014 ஆம் ஆண்டிலே, கணிதத்தின் மிகவுயர்ந்த விருதுகளுள் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தையும் அவர் பெற்றார். அவர் கண்ட விடையிலிருந்து கிளைத்த இன்னொரு வினாவைப் பின்னாளில் டுலூத்துக்கு வந்த மெலனி வூட் என்னும் மாணவி ஆராய்ந்தார். மோர்கன் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இம்மோர்கன் பரிசு, பட்டமுன் மாணவர் செய்த சிறந்த கணித ஆராய்ச்சிக்கென 1995 ஆம் ஆண்டிலே ஏற்படுத்தப்பட்டது. முதன்முதலாக அதனைப் பெற்றவர், சென்னையிலே வளர்ந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே பயின்ற கண்ணன் சௌந்தரராஜன் என்பது தமிழ் நேயர்கள் மகிழ்வுடன் அறிந்துகொள்ளத்தக்க செய்தியாகும்.

இனி, மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரிக்குச் செல்லலாம். அங்கே 1988 ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கோடைத் திட்டத்துக்கு 'ஸ்மோல்' என்று பெயர். தொடக்கத்திலிருந்த பேராசிரியர்களின் பெயர்களிலிருந்து முதலெழுத்துக்களை எடுத்துக் கோத்த பெயர் அது. அச்சொல்லுக்கு ஆங்கிலத்திலே 'சிறியது' என்று பொருள். ஆனால், அங்கே எழுந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று சிறிதன்று.

பிள்ளைகள் சவர்க்கார நீரிலே குழலைத் தோய்த்து ஊதும்போது குமிழிகள் பறக்கின்றன. தனியே பறக்கும் குமிழி உருண்டையாக இருக்கின்றது. குறித்த அளவு காற்றை அடைத்துக்கொள்வதற்கு ஆகக் குறைந்த மேற்பரப்பை உடைய உருவம் கோளமே என்பது முன்னரே நிறுவப்பட்டது. இரண்டு குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன நிகழும்? இடையிலே ஒரு சுவர் தோன்றும். மூன்று பரப்புக்கள் ஒரு வட்டத்திலே சந்திக்கும். சந்திக்குமிடத்தில் அவை 120 பாகைக் கோணத்தை ஆக்கும். இரண்டு கன அளவுகளை அடைப்பதற்கு இதனினும் குறைந்த பரப்பு வேறில்லை என்று யாவரும் நம்பினர். நம்பிக்கை வேறு, நிறுவல் வேறு. பிராங்க் மோர்கன் என்னும் பேராசிரியர், 1990 ஆம் ஆண்டுக் கோடையிலே தம்மிடம் வந்த மாணவர் குழுவிடம் இவ்வினாவின் தளவடிவத்தைக் கொடுத்தார். அதாவது, தாளிலே வரையப்படும் இரண்டு பரப்பளவுகளை ஆகக் குறைந்த கோட்டு நீளத்தால் அடைப்பது எவ்வாறு என்பது. அம்மாணவர் அதனை நிறுவினர். அவர்களுடைய கட்டுரை 1993 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. முப்பரிமாண வெளிக்குரிய முழு நிறுவலை மோர்கனும் வேறு மூன்று கணிதரும் 2000 ஆம் ஆண்டிலே அறிவித்தனர். அதனை நான்கு பரிமாணங்களுக்கு நீட்டியவர் யாரென்றால், மீண்டும் அக்கோடைத் திட்டத்து மாணவர் நால்வரே! பேராசிரியர் ஒரு படி ஏற, மாணவர் அடுத்த படியிலே காலை வைத்தனர்.

இராமானுசன் பெயரோடு இணைந்த நிகழ்ச்சியொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. நான்கு என்னும் எண்ணை முழுவெண்களின் கூட்டலாக ஐந்து வகையாக எழுதலாம்: நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள். ஒன்பதை 30 வகையாக எழுதலாம். பதினான்கை 135 வகையாக எழுதலாம். நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் இவ்வகைகளின் தொகை ஐந்தினால் மீதியின்றி வகுபடும் என்று 1919 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையிலே இராமானுசன் காட்டினார். ஏழு, பதினொன்று ஆகிய எண்களுக்கும் இத்தகைய விதிகளை அவர் கண்டார். அவற்றுக்கு அப்பால் வேறு விதிகள் அரியன என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஐந்துக்குக் குறையாத எந்த முதன்மை எண்ணுக்கும் இத்தகைய விதிகள் உண்டென்று கென் ஓனோ என்னும் கணிதர் 2000 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையிலே நிறுவினார். ஆனால், அவ்விதிகளைத் தனித்தனியே கண்டெடுப்பது எவ்வாறு? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலே பயின்ற பட்டமுன் மாணவி ஒருத்தி அதற்கு ஒரு வழியை வகுத்து, 76,065 புதிய விதிகளைக் கண்டறிந்தாள். அவளுடைய கட்டுரை 2001 ஆம் ஆண்டிலே, இராமானுசன் பெயரைத் தாங்கிய சஞ்சிகையிலேயே அச்சேறியது. ஓனோ பின்னர் விஸ்கொன்சின், எமரி, வேர்ஜீனியா ஆகிய பல்கலைக்கழகங்களிலே கோடைத் திட்டங்களை நடத்தி, மாணவர் பலரை எண்கணித ஆராய்ச்சியிலே புகுத்தினார்.

இவை பெரும்புகழ் பெற்ற எடுத்துக்காட்டுக்கள். இவற்றைக் கேட்கும் சாதாரண மாணவன், 'இவையெல்லாம் பிறவி மேதைகளுக்கு உரியன. எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கக்கூடும். இத்திட்டத்தின் உள்ளக் கிடக்கை அக்கேள்விக்கு நேர்மாறானது. பெரிய பல்கலைக்கழகங்களிலே பயிலும் மாணவருக்கு ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் அடுத்த அறையிலேயே இருக்கின்றார். சிறிய கல்லூரியிலே பயிலும் மாணவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே, தன்னிடம் பயிலும் மாணவரைக்கொண்டே இடங்களை நிரப்பிவிடாது, வெளிக்கல்லூரி மாணவருக்கும், ஆராய்ச்சி வசதி குறைந்த இடங்களிலிருந்து வருவோருக்கும் தக்க பங்கு அளித்தல் வேண்டுமென்று தேசிய விஞ்ஞான நிறுவனம் ஒவ்வொரு நிலையத்தையும் கேட்கின்றது. கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரத்துக் கணித ஆராய்ச்சி நிலையம், கணிதத்துறையில் போதிய இடம்பெறாத சமூகங்களைச் சார்ந்த மாணவரை முதன்மையாக மனத்திற்கொண்டு 2007 ஆம் ஆண்டிலே ஆறு வாரத் திட்டமொன்றைத் தொடங்கியதும் இந்நோக்கத்தினாலேயே.

அத்தகைய சிறிய கல்லூரியொன்றிலே பயிலும் மாணவி ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவள் இரண்டாம் ஆண்டு முடித்தவள். கோடை தோறும் கடையொன்றிலே வேலை செய்து, அடுத்த ஆண்டுச் செலவுக்குப் பணம் சேர்ப்பவள். கணிதத்திலே விருப்பமுண்டு, ஆனால், ஊதியமில்லாது மூன்று மாதங்களைக் கழிக்க அவளால் இயலாது. ஆர்.ஈ.யூ. திட்டம் அவளைத் தேடி வருவது இங்கேதான். அதிலே சேரும் மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. அவர்களுக்கே உதவிப்பணம் வழங்கப்படுகின்றது. வாரத்துக்குச் சில நூறு டொலர் கணக்கிலே அது அமையும். தங்குமிடத்தையும் பிரயாணச் செலவையும் நிலையங்கள் பல ஏற்றுக்கொள்கின்றன. ஆராய்ச்சி என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகிவிடாமற் காப்பது இந்த உதவிப்பணமேயாகும்.

அவள் செய்யவேண்டியவை யாவை?

முதலாவது, தேடுதல். தேசிய விஞ்ஞான நிறுவனம் தான் பணமுதவும் நிலையங்களின் பட்டியலைத் துறைவாரியாக இணையத்திலே வெளியிடுகின்றது. அமெரிக்கக் கணிதச் சங்கமும் இத்தகைய திட்டங்களைத் தொகுத்துத் தருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே இப்பட்டியல்களைப் பார்க்கத் தொடங்குதல் நன்று. கோடை வருமுன் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர் ஏமாந்து போவர். ஏனெனில், விண்ணப்ப முடிவு நாட்கள் பெரும்பாலும் ஜனவரி பிற்பகுதிக்கும் மார்ச் முற்பகுதிக்கும் இடையிலேயே வந்துவிடுகின்றன. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே கோடைக்கு வித்திடல் வேண்டும்.

இரண்டாவது, தெரிந்தெடுத்தல். ஒவ்வொரு நிலையமும் அவ்வாண்டுக்குரிய ஆராய்ச்சிப் பொருளை அறிவிக்கும். எண்கணிதம், வரைபுக் கோட்பாடு, கேத்திரகணிதம், நிகழ்தகவு, உயிரியலுக்குரிய கணிதம் என அவை வேறுபடும். முன்னைய ஆண்டுகளில் மாணவர் எழுதிய கட்டுரைகள் பெரும்பாலும் எவரும் படிக்கத்தக்க வகையிலே கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டை எடுத்து, முதலிரண்டு பக்கங்களையாவது ஊன்றிப் படித்தல் வேண்டும். முழுவதும் விளங்காவிடினும், வினா என்னவென்பது விளங்கினாற் போதும். பட்டியலிலுள்ள நிலையங்களின் பெயரைக் கண்டு விண்ணப்பிப்பவருக்கும், பொருளைக் கண்டு விண்ணப்பிப்பவருக்கும் உள்ள வேறுபாடு தெரிவுசெய்வோர் கண்ணுக்கு உடனே புலப்படும்.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதங்கள். சாதாரணமாக இரண்டு கடிதங்கள் வேண்டப்படும். பெயர்பெற்ற பேராசிரியர் எழுதிய நான்கு வரிகளைக் காட்டிலும், மாணவியை நன்கறிந்த இளம் விரிவுரையாளர் எழுதிய ஒரு பக்கம் பயனுடையது. 'இவள் கெட்டிக்காரி' என்று எழுதுவது எவருக்கும் எளிது. 'இவள் வகுப்பிலே கொடுத்த நிறுவலை ஏற்றுக்கொள்ளாது, அதில் ஒரு நிபந்தனை தேவையற்றதென்று மறுவாரம் வந்து காட்டினாள்' என்று எழுதுவதற்கு, அது நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆகவே, கடிதம் கேட்கும் நாளுக்கு ஓராண்டு முன்னரே அக்கடிதம் எழுதப்படத் தொடங்கிவிடுகின்றது எனலாம். ஆசிரியரின் அறைக்குச் சென்று வினாக் கேட்கக் கூச்சப்படும் மாணவருக்கு இழப்பு இங்கேதான் நேர்கின்றது. கடிதம் எழுதுவோருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுத்தலும், முடிவு நாட்களின் பட்டியலைக் கையிலே கொடுத்தலும் மரியாதையாகும்.

நான்காவது, தன்னைப் பற்றிய கூற்று. இதிலேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகின்றனர். சிறுவயது முதற்கொண்டு கணிதத்தின்மீது தீராக் காதல் என்று தொடங்கும் கூற்றுக்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். அவற்றுள் எதனையும் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எந்தத் தேற்றம் உறக்கத்தைக் கெடுத்தது, எந்தக் கணக்கிலே மூன்று வாரம் தவறான வழியிலே சென்று திரும்ப நேர்ந்தது, எந்த நூலைப் பாடத்துக்கு அப்பால் தானே படிக்க முயன்றது என்பனவற்றைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும். அறியாததை அறிந்ததாகக் காட்டுதல் கூடாது. நிரல் எழுதத் தெரியுமாயின் அதனையும் குறிப்பிடலாம். சிறிய எடுத்துக்காட்டுக்களைக் கணினியிலே ஆயிரக்கணக்கிற் கணித்துப் பார்ப்பது இக்கால ஆராய்ச்சியின் முதற்படியாகிவிட்டது. வீட்டு நிலைமையினால் வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க நேர்ந்திருந்தால், அதனை மறைக்க வேண்டியதுமில்லை. அழுது சொல்ல வேண்டியதுமில்லை.

ஐந்தாவது, எண்ணிக்கை. ஒரு நிலையத்திலே ஏறக்குறையப் பத்து மாணவருக்கே இடமிருக்கும். பெயர்பெற்ற நிலையங்களுக்கு விண்ணப்பிப்போரோ நூற்றுக்கணக்கினர். ஆகவே, ஒன்றிரண்டை மாத்திரம் நம்பியிராது எட்டுப் பத்து நிலையங்களுக்கு விண்ணப்பித்தல் அறிவுடைமை. அவற்றுள் புகழ் குறைந்தவையும், புதிதாகத் தொடங்கியவையும் இருத்தல் நலம். இடம் கிடைத்ததும், ஏற்பதா விடுப்பதா என்பதை விரைந்து தெரிவித்தல் வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுக்கும் இடத்துக்காக வேறொருவர் காத்திருப்புப் பட்டியலிலே நாளை எண்ணிக்கொண்டிருக்கின்றார் என்பதை மறத்தல் ஆகாது.

இவ்விடத்திலே இலங்கை நேயர்கள் அறியவேண்டிய வரம்பொன்றுண்டு. தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும், அங்கே நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றோருக்குமே உரியது. பிறநாட்டிலிருந்து அமெரிக்கா சென்று பயிலும் மாணவர் அப்பணத்தைப் பெற இயலாது. வேறு நிதியைக் கொண்டு பிறநாட்டாரையும் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் சில உள. விண்ணப்பிக்குமுன் இதனை வாசித்தறிதல் வேண்டும். பிரித்தானியாவிலே லண்டன் கணிதச் சங்கம் கோடைகால ஆராய்ச்சிக்கு உதவித்தொகை வழங்குகின்றது. அங்கே மாணவருக்காக விண்ணப்பிப்பவர், அவரை வழிநடத்த முன்வரும் விரிவுரையாளரே. இந்தியாவிலே பயிலும் மாணவருக்கு அந்நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் மூன்று சேர்ந்து இரண்டு மாத ஆராய்ச்சி உதவியை அளித்து வருகின்றன. அமெரிக்காவிலுங்கூட இத்திட்டங்கள் நிலையான ஊற்றென்று சொல்வதற்கில்லை. அரசாங்கத்தின் கை சுருங்கும்போது அவையும் சுருங்குகின்றன. 2025 ஆம் ஆண்டுக் கோடையிலே நிலையங்கள் சில பணமின்மையால் மாணவரை அழைக்கவில்லை.

இடம் பெற்ற மாணவரின் நாட்கள் எவ்வாறு கழிகின்றன? ஜூன் மாதத்திலே அவர்கள் வந்து சேர்கின்றனர். திட்டம் எட்டு முதல் பத்து வாரம் வரை நடைபெறும். முதல் வாரத்திலே வினா அறிமுகமாகும். அதற்குரிய முன்னைய கட்டுரைகளைப் படிப்பர். பின்னர்ச் சிறிய எண்களை வைத்துக் கணித்துப் பார்ப்பர். ஓர் ஒழுங்கு தென்படும். அதனை ஊகமாக எழுதிக்கொள்வர். மறுநாட் காலையிலே அவ்வூகத்தைப் பொய்யாக்கும் எடுத்துக்காட்டொன்று அகப்படும். நான்காம், ஐந்தாம் வாரங்களிலே ஒன்றும் நகராது. வகுப்பிலே எப்பொழுதும் முதலாவதாக நின்ற மாணவன், வாழ்க்கையிலே முதன்முறையாக, இருபது நாள் முயன்றும் விடை காணாத ஒரு கணக்கின் முன்னே அமர்ந்திருப்பான். அந்த இருபது நாட்கள் எந்தப் பாடநூலும் கற்பிக்காத ஒன்றைக் கற்பிக்கின்றன. தெரியாமை என்பது இழிவன்று, அது கணிதர் ஒருவரின் அன்றாட வாழ்க்கை என்பதே அப்பாடம். சிலருக்கு அவ்வாழ்க்கை பிடித்துவிடுகின்றது. சிலர், இது தமக்கு உகந்ததன்று என்று தெளிந்து வேறு தொழிலை நாடுகின்றனர். பட்டப்பின் படிப்பிலே ஐந்து ஆண்டுகளைச் செலவிட்டபின் அறியவேண்டியதைப் பத்து வாரத்திலே அறிந்துகொள்வதும் இலாபமேயாம்.

இறுதி வாரங்களிலே அவர்கள் கண்டதை எழுதுகின்றனர். ஒருவர் முன்னே ஒருவர் எடுத்துரைக்கின்றனர். பலர் அடுத்த ஜனவரியிலே கூடும் அமெரிக்கக் கணிதரின் ஆண்டு மாநாட்டுக்குச் சென்று தம் முடிபுகளைப் பேரவையின் முன் வைக்கின்றனர். மாணவர் பங்கு கொண்ட கட்டுரைகளுக்கென்றே 2008 ஆம் ஆண்டிலே 'இன்வோல்வ்' என்னும் சஞ்சிகை தொடங்கப்பட்டது. அதிலே வெளியாகும் கட்டுரையின் ஆசிரியர்களுள் மூன்றில் ஒரு பங்கினராவது மாணவராக இருத்தல் வேண்டுமென்பது விதி.

இனி, இடம் பெறாதவரைப் பற்றியும் ஒரு சொல். மேலே கண்ட மாணவி எட்டு நிலையங்களுக்கு விண்ணப்பித்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். மார்ச் மாதம் முழுவதும் மறுப்புக் கடிதங்களே வரக்கூடும். எட்டாவது மறுப்பைப் படிக்கும்போது, 'எனக்குக் கணிதம் வராது' என்று அவள் முடிவு கட்டிவிட்டால், அம்முடிவுதான் அந்த எட்டு மறுப்புக்களிலும் பெரிய நட்டம். பத்து இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் முன்வரும்போது, தெரிவுசெய்வோர் தகுதியில்லாதவரை நீக்குவதில்லை; தகுதியுள்ளவருட் சிலரை எடுத்துக்கொண்டு பலரை விட்டுவிட நேர்கின்றது. விடப்பட்டவர் தகுதியற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. அடுத்த ஆண்டிலே மீண்டும் விண்ணப்பிக்கலாம். அன்றியும், தன் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியரை அணுகி, 'விடை எழுதப்படாத கணக்கொன்று இருந்தால் தாருங்கள்' என்று கேட்கலாம். அவ்வாறு கேட்கும் மாணவியை வெறுங்கையோடு அனுப்பும் ஆசிரியர் அரியர்.

கடல் கடந்து செல்ல வசதியில்லாத மாணவருக்கும் இது பொருந்தும். உதவிப்பணத்துக்குக் குடியுரிமை வேண்டும். நிலையத்திலே இடம்பெறத் தெரிவு வேண்டும். வினாவை எடுத்துச் சிந்திப்பதற்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை. டுலூத்திலும் வில்லியம்ஸ் கல்லூரியிலும் மாணவர் எழுதிய கட்டுரைகள் பலவற்றின் இறுதியிலே, தாங்கள் தீர்க்க முடியாது விட்டுச்சென்ற வினாக்களை அவர்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றனர். பாடநூலின் கடைசிப் பக்கத்திலே விடைகளிருக்கும். இக்கட்டுரைகளின் கடைசிப் பக்கத்திலோ வினாக்களே இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ ஒரு மாணவர் அவற்றுள் ஒன்றைத் தம் கொப்பியிலே எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குவாராயின், அவரைத் தடுக்கத்தக்க விதி எதுவுமில்லை.